தாய்லாந்துக்கு விசா இல்லாமல் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: 60 நாள் கணக்கு, 30 நாள் நீட்டிப்பு, ஓவர்ஸ்டே

பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று கிளம்பும் நம்மவர்களில் பெரும்பாலோர் இப்போது விசா எடுக்காமலேயே போய் வருகிறார்கள். நாலு நாள், ஐந்து நாள் சுற்றுலாவுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தங்க நினைப்பவர்களும் அங்கே போன பிறகு நாளைக் கூட்ட விரும்புகிறவர்களும் நிதானமாகப் படிக்கவேண்டும். இதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையைப் படிக்காததால் வருபவை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தாய்லாந்தில் விசா வேண்டியதில்லையா?

சுற்றுலாவுக்கு வேண்டியதில்லை. 2024 ஜூலை 15 அன்று தாய்லாந்து 93 நாடுகளுக்கு 60 நாள் விசா விலக்கு அறிவித்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்கு முன்பு நமக்கு நிலைமை வேறு. 2023 நவம்பர் 10 வரை விமான நிலையத்தில் வரிசையில் நின்று, 2,000 பாட் கட்டி, 15 நாளுக்கு வருகை விசா வாங்கினோம். அதன்பின் தற்காலிகமாக 30 நாள் விலக்கு வந்தது. பிறகுதான் இந்த 60.

இணையத்தில் இன்னும் 15 நாள், 30 நாள் என்று எழுதியிருப்பதெல்லாம் இந்தப் பழைய காலகட்டங்களின் மிச்சம். இன்னொரு பக்கம், 60 நாளைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு 2025இலிருந்தே தாய்லாந்து அரசு வட்டாரத்தில் ஓடுகிறது. ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறங்கிய பிறகு அதுவும் வேண்டாம்; அதிகாரி முத்திரையில் குறித்த கடைசித் தேதி எதுவோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

கிளம்புவதற்கு முன் கையில் என்னென்ன இருக்கவேண்டும்?

குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். திரும்பி வரும் டிக்கெட், அல்லது தாய்லாந்திலிருந்து வேறொரு நாட்டுக்குப் போகும் டிக்கெட். அதன் தேதி 60 நாளுக்குள் இருக்கவேண்டும். முதல் சில நாளுக்காவது ஓட்டல் பதிவு. பிறகு பணம்: விசா விலக்கில் வருகிறவர் ஒருவருக்கு 10,000 பாட், குடும்பத்துக்கு 20,000 பாட் காட்ட முடியவேண்டும் என்பது பழைய விதி. எல்லாரையும் கேட்பதில்லை. கேட்டால் கார்டைக் காட்டிச் சமாளிக்க முடியாமல் போகலாம், ரொக்கமாக வைத்திருங்கள். ஒருவருக்கு 20,000 பாட் மதிப்புக்கு டாலரோ பாட்டோ இருந்தால் நிம்மதி.

ரிட்டர்ன் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை முதலில் கேட்பது பாங்காக் அதிகாரி இல்லை, சென்னையிலோ திருச்சியிலோ உள்ள விமான நிறுவன கவுன்ட்டர்தான். தாய்லாந்து திருப்பி அனுப்பினால் உங்களை ஏற்றி வரும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழுகிறது. அதனால் போர்டிங் பாஸ் தருவதற்கு முன்பே கறாராகப் பார்க்கிறார்கள். 90 நாள் தங்கப் போகிறேன், அங்கே போய் நீட்டித்துக்கொள்கிறேன் என்று 85ஆம் நாளுக்கு ரிட்டர்ன் எடுத்து வைத்திருப்பவர்கள் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நீட்டிப்பு இன்னும் கிடைக்காத ஒன்று. அதை நம்பி யாரும் ஏற்றமாட்டார்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டை 60 நாளுக்குள் எடுத்து, நீட்டிப்பு கிடைத்தபின் மாற்றிக்கொள்வதே வழி.

டிடிஏசி என்கிறார்களே, அது விசாவா?

இல்லை. அது வருகைப் பதிவு. முன்பு விமானத்தில் டி.எம்.6 என்று ஒரு வெள்ளை அட்டை கொடுத்து நிரப்பச் சொல்வார்களே, அதன் இடத்தில் 2025 மே 1 முதல் வந்த இணையப் படிவம். இறங்கும் தேதிக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் தாய்லாந்து குடிவரவுப் பணியகத்தின் தளத்தில் நிரப்பவேண்டும். கட்டணம் கிடையாது. தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் பத்து டாலர், இருபது டாலர் என்று கேட்கின்றன; பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. அரசுத் தளத்தின் முகவரி ‘டாட் கோ டாட் டிஎச்’ என்று முடியும்.

நம்மவர்களுக்கு இதில் வரும் சிக்கல் பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஊர்ப்பெயர், அப்பா பெயர் எல்லாம் இன்னொரு கட்டத்தில் சேர்ந்திருக்கும். டிக்கெட் எடுக்கும்போது ஒரு மாதிரியும், டிடிஏசியில் வேறு மாதிரியும் நிரப்பிவிட்டுக் கவுன்ட்டரில் விழிக்கிறார்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே, அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். குடும்பப் பெயரைக் காலியாக விடப் படிவம் மறுத்தால் ஒரு சிறு கோடு போட்டால் போதும். இல்லாத பெயரை உருவாக்கவேண்டாம்.

குடும்பமாகப் போனால் ஒரே பதிவில் எல்லாரையும் சேர்க்கலாம், ஆனால் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விவரம் வேண்டும். கடைசியில் வரும் க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் படமாகச் சேமித்து, ஒரு காகிதப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. தாய்லாந்துக்குச் சுற்றுலா போக முடியுமா?

போகலாம். இந்திய அரசின் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இந்தச் சோதனையைக் குறிக்கும் ஈசிஆர் என்ற குறிப்பு இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சுற்றுலா போகிறவர் ரிட்டர்ன் டிக்கெட், ஓட்டல் பதிவு, கைச்செலவுப் பணம் எல்லாவற்றையும் காட்டத் தயாராக இருக்கவேண்டும். சென்னை இமிக்ரேஷனில் மற்றவர்களைவிட இரண்டு கேள்வி கூடுதலாக வரும். யாருடன் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், செலவு யாருடையது என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள். முதல்முறை தனியாகப் பயணம் செய்யும் பெரியவர்கள், ஓட்டல் முகவரியை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணவேண்டும்?

இறங்கிய நாளே முதல் நாள். இரவு 11:50க்கு இமிக்ரேஷனைத் தாண்டினாலும் அந்த நாள் ஒன்று என்று கணக்கு. ஜூலை 1 அன்று நுழைந்தால் 60ஆம் நாள் ஆகஸ்டு 29. ஆகஸ்டு 30 அன்று நீங்கள் ஓவர்ஸ்டே, அதாவது அனுமதி முடிந்தும் தங்கியிருப்பவர். ‘இரண்டு மாதம்’ என்று மனக்கணக்காகப் போட்டு செப்டம்பர் 1க்கு டிக்கெட் எடுப்பவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள்.

கவுன்ட்டரைவிட்டு நகர்வதற்கு முன் முத்திரையைப் பாருங்கள். உள்ளே வந்த தேதி ஒன்று இருக்கும், எந்தத் தேதிவரை அனுமதி என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். மை மங்கியிருந்தாலோ, தேதி குறைவாக விழுந்திருந்தாலோ அங்கேயே அந்த அதிகாரியிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஊருக்குள் போனபின் திருத்தவேண்டுமானால் இமிக்ரேஷன் அலுவலகத்தில் அரை நாள் போகும். முத்திரைப் பக்கத்தை உடனே படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள், பின்னால் பல இடத்தில் உதவும்.

நள்ளிரவுக்குப் பின் விமானம். கடைசி நாள் முடிந்து 40 நிமிடம் கழித்துத்தான் புறப்படுகிறது. பிரச்சினையா?

பார்க்கப்படுவது விமானம் கிளம்பும் நேரம் இல்லை. இமிக்ரேஷன் கவுன்ட்டரில் வெளியேறும் முத்திரை விழும் தேதி. ஆகஸ்டு 29 கடைசி நாள், விமானம் 30ஆம் தேதி 00:40 என்றால், 29ஆம் தேதி இரவு 12 மணிக்குள் கவுன்ட்டரைத் தாண்டிவிட்டால் கணக்கு சரி. ஆனால் செக்-இன் வரிசை, பாதுகாப்புச் சோதனை வரிசை எதுவும் உங்கள் கையில் இல்லை. வேறு வழி இருந்தால் இப்படி ஒரு டிக்கெட்டை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் இரவு 9 மணிக்கே விமான நிலையத்தில் இருங்கள்.

இன்னும் 30 நாள் தங்கவேண்டும். எப்படி நீட்டிப்பது?

இமிக்ரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டும். படிவம் டி.எம்.7. கட்டணம் ஒரு ஆளுக்கு 1,900 பாட், ரொக்கம். கிடைத்தால் 30 நாள். அந்த 30 நாள், நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடாது. பழைய அனுமதி முடியும் நாளுக்கு அடுத்த நாளிலிருந்து சேரும். மேலே சொன்ன கணக்கில் ஆகஸ்டு 29 கடைசி நாள் என்றால், ஆகஸ்டு 18 அன்று போய் நீட்டித்தாலும் புதிய கடைசி நாள் செப்டம்பர் 28. முன்னதாகப் போவதால் ஒரு நாளும் வீணாவதில்லை.

அப்படியானால் முதல் வாரமே போகலாமா? வேண்டாம். ரொம்ப முன்கூட்டிப் போகிறவர்களைச் சில அலுவலகங்கள் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகின்றன. கடைசி நாளுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு போவது சரியான இடைவெளி. ஒரு தாள் குறைந்து திருப்பி அனுப்பினாலும் மறுபடி வர நாள் இருக்கும். கடைசி நாளன்று போகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் விடுமுறை, டிசம்பர் கடைசி, நீண்ட வார இறுதிகள் இவற்றில் அலுவலகம் பூட்டியிருக்கும். காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள்.

என்னென்ன தாள்கள்?

- பாஸ்போர்ட், அதோடு புகைப்படப் பக்கத்தின் ஜெராக்ஸ், நுழைவு முத்திரைப் பக்கத்தின் ஜெராக்ஸ். ஒவ்வொரு நகலிலும் பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தையே போடுங்கள்.
- டி.எம்.7 படிவம், இரு பக்கமும் நிரப்பியது. 4×6 செ.மீ. புகைப்படம் ஒன்று ஒட்டவேண்டும். இந்தியாவில் எடுத்து வைத்திருக்கும் 2×2 அங்குலச் சதுரப் படம் பொருந்தாது.
- தங்கும் முகவரிக்குச் சான்று, டி.எம்.30 பதிவின் நகல்.
- டிடிஏசி பதிவின் அச்சுப்பிரதி, கிளம்பும் டிக்கெட்டின் நகல். டிக்கெட்டை எல்லா அலுவலகமும் கேட்பதில்லை. கேட்கும் இடத்தில் இல்லாமல் நிற்கவேண்டாம்.
- 1,900 பாட், சரியான சில்லறையோடு.

எல்லாவற்றிலும் கறுப்பு அல்லது நீலப் பேனாதான். படிவத்தில் நீட்டிப்புக்கான காரணம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதினால் போதும். நண்பருக்குக் கடையில் உதவுகிறேன், இணையத்தில் வேலை பார்க்கிறேன் என்றெல்லாம் விளக்கம் எழுதிச் சிக்கலை வரவழைக்காதீர்கள். அப்படி ஏதாவது உண்மையில் செய்துகொண்டிருந்தால், கீழே வேலை பற்றிய பதிலைப் படித்துவிட்டு, நீட்டிப்பைப் பற்றிப் பிறகு யோசியுங்கள்.

டி.எம்.30 என்பதை யார் போடவேண்டும்? எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதே.

நீட்டிக்கப் போய்த் திரும்பி வருகிறவர்களில் கணிசமானோர் தடுக்கி விழுவது இதில்தான்.

தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, ஒரு வெளிநாட்டவர் தன் இடத்தில் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. அந்த அறிவிப்புதான் டி.எம்.30. பொறுப்பு விருந்தினருடையது இல்லை, இடத்தின் உரிமையாளருடையது. பதிவு பெற்ற ஓட்டல்கள் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் படமெடுப்பதே இதற்காகத்தான். அவர்கள் தினமும் இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். சிக்கல் வருவது, இணையச் செயலி வழியாக மாத வாடகைக்குப் பிடித்த அபார்ட்மென்ட்டிலும், நண்பர் வீட்டிலும். அந்த உரிமையாளர் போட்டிருக்கமாட்டார். போடாவிட்டால் அபராதம் அவருக்கு, 2,000 பாட் வரை. ஆனால் நீட்டிப்பு நின்றுபோவது உங்களுக்கு.

ஆகவே வாடகைக்கு இடம் பிடிக்கும்போதே, முன்பணம் கொடுப்பதற்கு முன், ‘டி.எம்.30 போட்டுத் தருவீர்களா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் எளிய வழி ஒன்று: இமிக்ரேஷன் அலுவலகம் உள்ள ஊரில் ஒழுங்கான ஓட்டலில் இரண்டு இரவு தங்கி, வரவேற்பு மேசையில் டி.எம்.30 அச்சுப்பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டு இரவு என்பது, முதல் இரவின் பதிவு கணினியில் ஏறுவதற்குக் கொடுக்கும் அவகாசம்.

எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும்?

நீங்கள் தங்கியிருக்கும் மாகாணத்தின் அலுவலகத்துக்கு. பாங்காக்கில் தங்குகிறவர்களுக்கு சேங் வத்தனா சாலையில் உள்ள அரசு வளாகத்தின் பி கட்டடம். ஊரின் வட கோடி. சுக்கும்வித், பிரதுநாம் பக்கம் தங்கியிருப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணக் கணக்கு வைக்கவேண்டும். மோனோரயிலின் பிங்க் தடம் வந்தபின் சற்று எளிது. பட்டாயாவில் இருப்பவர்களுக்கு ஜோம்தியன் சோய் 5. புக்கெட், சியாங் மாய் போன்ற ஊர்களில் அந்தந்த மாகாண அலுவலகம். பாங்காக்கில் முகவரி காட்டிவிட்டுப் புக்கெட்டில் விண்ணப்பித்தால் முகவரியும் அலுவலகமும் பொருந்தாமல் திரும்பவேண்டியிருக்கும்.

அங்கே போனால் என்ன நடக்கும்?

திங்கள் முதல் வெள்ளி, 8:30 முதல் 4:30 வரை. நடுவில் 12 முதல் 1 வரை சாப்பாட்டு இடைவேளை. எட்டு மணிக்கே போய் நில்லுங்கள். 11 மணிக்குப் போனால் வரிசை எண் கிடைத்தும் இடைவேளை தாண்டித்தான் கூப்பிடுவார்கள். முதலில் ஒரு மேசையில் தாள்களைச் சரிபார்த்து எண் கொடுப்பார்கள். ஜெராக்ஸ் விடுபட்டிருந்தால் கண்டுபிடிப்பது அங்கேதான். சேங் வத்தனா கட்டடத்திலேயே ஜெராக்ஸ் கடையும் புகைப்படக் கடையும் உண்டு. கையிலேயே கொண்டுபோனால் அந்த இரண்டாவது வரிசை மிச்சம். எண் வந்ததும் அதிகாரி பாஸ்போர்ட்டையும் பணத்தையும் வாங்கி, ஒரு படம் எடுப்பார். பிறகு காத்திருப்பு. பெயரைக் கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைத் தரும்போது உள்ளே புதிய முத்திரை இருக்கும். பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும்.

அரைக்கால் சட்டை, கையில்லா பனியன், கடற்கரைச் செருப்போடு போகாதீர்கள். அது அரசு அலுவலகம். உடையைப் பார்த்து நிறுத்திவைக்கும் இடங்கள் உண்டு. ரசீதில் ஆண்டு 2568, 2569 என்று இருந்தால் திகைக்கவேண்டாம். தாய்லாந்தில் புத்த ஆண்டு வழக்கம். நம் ஆண்டோடு 543 கூட்டினால் வருவது. பாஸ்போர்ட் முத்திரையில் வழக்கமான ஆங்கில ஆண்டே இருக்கும். புதிய தேதியைக் கட்டடத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன் படித்துச் சரிபாருங்கள்.

கேட்டும் கொடுக்காமல் போவார்களா?

போகலாம். நீட்டிப்பு என்பது கட்டணம் கட்டினால் வரும் சேவை மாதிரி பலர் நினைக்கிறார்கள். அது அதிகாரியின் விருப்புரிமை. மறுத்தால் வழக்கமாக, ஊர் திரும்பத் தயாராக 7 நாள் மட்டும் முத்திரை போட்டுத் தருவார்கள். கட்டிய 1,900 பாட் திரும்பாது. ஒருமுறை 30 நாள் நீட்டித்துவிட்டு இரண்டாவது முறை கேட்கிறவர்களுக்கும் கிடைப்பது அந்த 7 நாள்தான், அதற்கும் இன்னொரு 1,900. ஆகவே ஒரு நுழைவில் 60ம் 30ம் சேர்ந்த 90 நாள்தான் சுற்றுலாப் பயணியின் நடைமுறை எல்லை. நாட்டில் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் போடவேண்டிய முகவரி அறிக்கை உங்களுக்கு வராததும் இதனால்தான்.

விதிவிலக்குகள் சில. தாய்லாந்து குடிமகளையோ குடிமகனையோ மணந்தவர், துணையைப் பார்க்க வந்ததாக 60 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். திருமணப் பதிவும் துணையின் தாள்களும் வேண்டும். விபத்து, அறுவை சிகிச்சை என்று பயணம் செய்ய முடியாத நிலையில் இருப்பவர்கள், மருத்துவமனையின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இந்த நோயாளி இத்தனை நாளுக்குப் பயணம் செய்ய இயலாது என்று மருத்துவர் எழுதியிருக்கவேண்டும்.

நீட்டிப்பதற்குப் பதில் மலேசியா போய் அன்றே திரும்பினால் புதிதாக 60 நாள் கிடைக்குமே?

விசா ரன் என்று பெயர். ஒருகாலத்தில் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இப்போது அப்படி இல்லை.

நாட்டைவிட்டு வெளியேறிய கணமே பழைய அனுமதி முடிந்துவிடுகிறது, மிச்ச நாளும் போய்விடும். திரும்ப உள்ளே வரும்போது நீங்கள் புதிய விண்ணப்பதாரர். தரைவழியாக விசா விலக்கில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வரலாம். விமானத்தில் வந்தால் இப்படி எண்ணிக்கை எழுதப்படவில்லை, ஆனால் கணினியில் உங்கள் முழு வரலாறும் அதிகாரி முன் இருக்கிறது. 2025 நவம்பரில் குடிவரவுப் பணியகம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தக்க காரணமில்லாமல் இரண்டு தடவைக்கு மேல் இப்படிப் போய் வருகிறவர்களை உள்ளே விடவேண்டாம் என்று. உள்ளே விட மறுத்தால், வந்த பக்கமே திரும்பவேண்டும்; பாங்காக் அறையில் பெட்டியும் துணிமணியும் கிடக்கும்.

உண்மையிலேயே அண்டை நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்றால் பயமில்லை. பினாங்கில் நான்கு நாள் தங்கிப் படாங் பெசார் வழியாக ரயிலில் திரும்புகிறவரும், எல்லைக் கோட்டைத் தொட்டு ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவரும் அதிகாரி கண்ணுக்கு ஒன்றில்லை. ஓட்டல் ரசீதை வைத்திருங்கள். போகும் நாட்டில் நமக்கு விசா தேவையா, அங்கேயும் இணையப் பதிவு உண்டா என்று முதலில் பாருங்கள். கம்போடியாவுக்குத் தரைவழியாகப் போவதாகத் திட்டமிட்டால், 2025 ஜூலை மோதலை ஒட்டி அந்த எல்லை வாயில்கள் மூடப்பட்டதை நினைவில் வையுங்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் பஸ் ஏறவேண்டாம்.

ஓவர்ஸ்டே ஆகிவிட்டது. என்ன செய்ய?

இன்றே கிளம்பும் வழியைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 500 பாட், உச்சவரம்பு 20,000 பாட். அதாவது 40ஆம் நாளில் அபராதம் நின்றுவிடும். இதைக் கேட்டதும், ‘நீட்டிப்புக்கு 1,900, நான் இரண்டு நாள்தானே அதிகம் இருக்கப்போகிறேன், 1,000 பாட் கட்டிவிட்டால் லாபம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். ஓவர்ஸ்டே அங்கே குற்றம். சட்டத்தில் இரண்டாண்டுச் சிறைவரை இடமிருக்கிறது. அந்த இரண்டு நாளில் சாலைச் சோதனையில் பாஸ்போர்ட் கேட்டால் கதை அடியோடு மாறிவிடும்.

ஏன் மாறும் என்றால், 2016 மார்ச் 20 முதல் நடப்பிலுள்ள தடை விதி இரண்டு வகையாகப் பிரிக்கிறது. தானாக விமான நிலையம் வந்து அபராதம் கட்டி வெளியேறுகிறவருக்கு, 90 நாளுக்கு மேல் ஓவர்ஸ்டே என்றால் ஓராண்டு நுழையத் தடை, ஓராண்டைத் தாண்டினால் 3 ஆண்டு, மூன்றைத் தாண்டினால் 5, ஐந்தைத் தாண்டினால் 10. பிடிபட்டவருக்கோ ஓராண்டுக்குள்ளான ஓவர்ஸ்டே எதுவானாலும் 5 ஆண்டு, மேலே போனால் 10. இரண்டே நாள் தாண்டியவர் தானாக வந்தால் 1,000 பாட் அபராதத்தோடு முடிகிறது. பிடிபட்டால் காவல், நாடு கடத்தல், ஐந்தாண்டுத் தடை.

தானாகக் கிளம்புகிறவர்கள் விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே வாருங்கள். வெளியேறும் கவுன்ட்டரில் உங்களைத் தனி மேசைக்கு அனுப்புவார்கள். பாட்டாக ரொக்கம் வேண்டும். பாஸ்போர்ட்டில் விழும் குறிப்பு அடுத்த பயணங்களில் கேள்வியாக வரும், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் நேரில் போகாமலே நீட்டித்துத் தருகிறாராம். செய்யலாமா?

கூடாது. படிவம் நிரப்ப, கூட வர ஆள் வைத்துக்கொள்வது வேறு. நீங்கள் போகாமல் முத்திரை மட்டும் வருகிறது என்றால், அது எங்கே குத்தப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. போலி முத்திரை கணினியில் இருக்காது; வெளியேறும் நாளில் தெரியவரும். அப்போது ஓவர்ஸ்டேயோடு ஆவண மோசடியும் சேரும், பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். வேலை 1,900 பாட்டில் ஒரு காலைப்பொழுதில் முடிகிறது.

விசா விலக்கில் வந்து வேலை பார்க்கலாமா? ஒரு கம்பெனி டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிறது.

வணிகச் சந்திப்பு, கண்காட்சி பார்ப்பது இவற்றுக்குத் தடையில்லை. சம்பள வேலைக்கு அங்கே தொழில் அனுமதி வேண்டும். இல்லாமல் பார்த்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், கூடவே நாடு கடத்தல். ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, நண்பர் கடையில் கல்லாவில் உட்காருவது எல்லாம் இதில் அடக்கம்.

‘இப்போதைக்கு டூரிஸ்ட்டாக வா, அங்கே வந்ததும் வேலை விசா போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பயணத்தை நிறுத்துங்கள். 2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது: தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி, கணினி தெரிந்த இளைஞர்களை வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள். பாங்காக்கில் இறக்கி, காரில் ஏற்றி, மே சோட் நகரம்வரை கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடந்து மியாவடிப் பக்கத்து வளாகங்களில் அடைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள். 2025 மார்ச்சிலும் நவம்பரிலும் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டுக்குப் போய் நூற்றுக்கணக்கானோரை மீட்டு வந்தன.

நினைவில் வைக்க ஓர் அடையாளம்: வேலை பாங்காக்கில் என்று சொல்லிவிட்டு, கார் மேற்கே தாக் மாகாணம் நோக்கி, மே சோட் என்ற பலகையைப் பின்பற்றிப் போனால், அடுத்த பெட்ரோல் நிலையத்திலேயே இறங்கி ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்குப் போய் இந்தியத் தூதரகத்தைக் கூப்பிடுங்கள். ஆற்றைக் கடந்துவிட்டால் பாஸ்போர்ட்டில் தாய்லாந்தைவிட்டு வெளியேறிய முத்திரை இருக்காது, மியான்மரில் நுழைந்த முத்திரையும் இருக்காது. தப்பித்து வந்தாலும் சட்டவிரோத நுழைவு வழக்கைத் தாண்டித்தான் ஊர் திரும்பவேண்டியிருக்கும்.

90 நாளும் போதாது என்றால்?

தொடக்கத்திலேயே விசா எடுத்துப் போங்கள். 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவிலிருந்து தாய்லாந்து விசா விண்ணப்பம் முழுவதும் இணையம் வழியாகத்தான். தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்கள், முவே தாய் குத்துச்சண்டை, சமையல் போன்ற பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு 2024 ஜூலையில் டிடிவி என்ற விசா வந்தது. ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். வயது 20 ஆகியிருக்கவேண்டும். 5 லட்சம் பாட் சேமிப்புக்குச் சான்று வேண்டும். தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு இதற்கு விண்ணப்பிக்க முடியாது.

பிள்ளைகளுக்கும் தனியாக நீட்டிக்கவேண்டுமா?

ஆம். ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் ஒரு டி.எம்.7, ஒரு 1,900 பாட். பிள்ளையின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்திடலாம். பிறப்புச் சான்றின் நகலை எடுத்துப் போங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்துபோனால் அனுமதி நாள் என்ன ஆகும்?

நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், தொலைந்ததற்காக நிற்காது. முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். அடுத்து பாங்காக் சுக்கும்வித் சோய் 23இல் உள்ள இந்தியத் தூதரகம்: அங்கே புதிய பாஸ்போர்ட்டோ, ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழோ கிடைக்கும். அது கைக்கு வந்ததும் நேராக விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். புதிய ஆவணத்தில் நுழைவு முத்திரை இருக்காது. காவல்துறை அறிக்கையோடு சேங் வத்தனாவுக்குப் போய்ப் பழைய நுழைவு விவரத்தைப் புதிய ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளவேண்டும். இறங்கிய நாளில் முத்திரைப் பக்கத்தைப் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பியிருந்தால், கவுன்ட்டரில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். நுழைந்த தேதியைத் தேடும் வேலை குறையும்.